அப்பாவின் ஸ்பூல் டேப்புல கச்சேரி ஓட்டமா ஓடுது, ஏன்? (பெங்களூரு நண்பர்கள் உதவவும்)

எட்டாவது_கிராஸ் | மல்லேஸ்வரம்

அப்பாவோட ட்ரங்குப் பெட்டியைப் பரண்லேர்ந்து இறக்கினேன். உள்ள 7 இன்ச் ஸ்பூல் டேப்பா அடுக்கி வச்சிருக்கார். அட்டைமேல பென்சில்ல "ராமநவமி, கோட்டை ஹைஸ்கூல் மைதானம்"னு மட்டும் இருக்கு. யார் பாடினது, எந்த வருஷம், ஒண்ணும் இல்ல. அறுபதுகள்ல கம்பெனி ட்ரெயினிங்குக்கு அமெரிக்கா போனவர் திரும்பி வரும்போது ஒரு வோலன்சாக் டேப் ரெக்கார்டர் கொண்டுவந்தார். அதுலதான் இதெல்லாம் பதிஞ்சது. மெஷின் இப்போ ஓடாது, ரப்பர் எல்லாம் பிசினாயிடுச்சு.

அல்சூர் நண்பர் ஒருத்தர்கிட்ட ரீவாக்ஸ் பி77 ஸ்பூல் மெஷின் இருக்கு. அங்க கொண்டுபோய்ப் போட்டோம். இடது ஸ்பீக்கர்ல பாட்டு வருது, வலதுல அதே நேரத்துல வேற ஏதோ தலைகீழா வருது. பாட்டும் வேகமா ஓடுது. 7½ ஸ்பீடுலதான் (வினாடிக்கு 7½ இன்ச்) வச்சோம், 3¾ல போட்டா சகிக்கல. இது போதாதுன்னு அடியில "ங்ங்ங்"னு ஒரு இரைச்சல் விடாம வருது.

டேப் கெட்டுப்போச்சா, மெஷின் தப்பா? யாராவது சொல்லுங்களேன்.

பிட்ரேட் | எச்.எஸ்.ஆர். லேஅவுட்

இரைச்சல் ஈஸி சார். அது கரண்ட் ஹம். நம்ம ஊர்ல 50 ஹெர்ட்ஸ். ஆடாசிட்டி சாஃப்ட்வேர்ல போட்டு 50, 100, 150ல நாட்ச் ஃபில்டர் வைங்க, அந்த அதிர்வெண்ணை மட்டும் வெட்டும், போயிடும். வேகத்துக்கு "சேஞ்ச் ஸ்பீட்". ரெண்டு நிமிஷ வேலை.

அல்சூர்_ஆடியோ

நான்தான் அந்த ரீவாக்ஸ்காரன். மெஷின்ல தப்பு இல்ல, போன வருஷம்தான் அலைன்மென்ட் பார்த்தேன். என்னோட மத்த டேப் எல்லாம் சரியா ஓடுது.

ஒண்ணு சொல்லியே ஆகணும். அவ்வளவு இரைச்சலுக்கு நடுவுலயும் அந்த வயலின் இருக்கே, ஐயோ. போன்ல கேக்கறவங்களுக்கு இந்த அனலாக் வெதுவெதுப்பு புரியாது. டேப் சுத்தறதைக் கண்ணால பார்த்துக்கிட்டே கேக்கறதுக்கு ஈடு எதுவும் இல்ல.

பிட்ரேட்

வெதுவெதுப்பு இல்ல பாஸ், டிஸ்டார்ஷன். அதைப் போய் ஒரு லட்சம் குடுத்து வாங்குறீங்க.

தூரவாணிநகர்_ஓய்வு

தம்பி எட்டாவது கிராஸ், முதலில் தலைகீழ்ப் பாட்டைப் பார்ப்போம், அது சுலபம். உங்கள் அப்பாவின் மெஷின் மோனோ, இரண்டு டிராக். கால் அங்குல டேப்பின் மேல் பாதியில் ஒரு பக்கம், திருப்பிப் போட்டால் கீழ்ப் பாதியில் மறு பக்கம். அல்சூர் நண்பரின் ரீவாக்ஸ் நாலு டிராக் ஸ்டீரியோ வகையாக இருக்கும். அதன் ஹெட் 1ஆம் தடத்தையும் 3ஆம் தடத்தையும் ஒரே நேரத்தில் படிக்கிறது. 1 மேல் பாதியில் விழுகிறது, 3 கீழ்ப் பாதியில் விழுகிறது. அதனால் வலது காதில் நீங்கள் கேட்பது டேப்பின் மறுபக்கம், பின்னாலிருந்து முன்னால். கெடுதல் ஒன்றுமில்லை. சொல்லப்போனால் லாபம். இரண்டு பக்கத்தையும் ஒரே ஓட்டத்தில் பதிந்துகொண்டு, வலது சேனலைக் கணினியில் புரட்டிவிடலாம். நாலு டிராக் ஹெட் தடத்தின் பாதி அகலத்தைத்தான் தொடும், இரைச்சல் சற்றுக் கூடும். இரண்டு டிராக் ஹெட் உள்ள மெஷின் கிடைத்தால் நல்லது.

வேகத்துக்கு வருகிறேன். அதற்கு முன் ஒரு கேள்வி. பிட்ரேட் தம்பி சொன்னபடி 50ல் ஃபில்டர் வைத்தீர்களா? இரைச்சல் போனதா?

எட்டாவது_கிராஸ்

வச்சேன் சார். போகலை. துளிகூடக் குறையலை. அதான் எனக்கும் புரியல.

தூரவாணிநகர்_ஓய்வு

அப்படியானால் இரைச்சல் 50ல் இல்லை. ஃபில்டரை எடுத்துவிட்டு, தொடாத ஃபைலை ஸ்பெக்ட்ரமில் பாருங்கள். அடியில் எந்த எண்ணில் முள் நிற்கிறது என்று சொல்லுங்கள்.

சுருதிப்பெட்டி | ஜெயநகர்

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். பாட்டு சொல்லிக்குடுக்கறவ நான். தம்பி அனுப்பின ஒரு நிமிஷத் துண்டைக் கேட்டேன். தம்புரா இரண்டரைக் கட்டைக்குக் கொஞ்சம் மேல நிக்குது. மைக் வராத காலத்துல ஆண்களும் உசந்த சுருதியில பாடினாங்க, கிட்டப்பா மாதிரி. ஆனா அறுபதுகள்ல ஒரு கச்சேரிப் பாடகர் இவ்வளவு மேல பாடறது அபூர்வம்.

சுருதியை விடுங்க, அது ஆளுக்கு ஆள் மாறும். என்னை உறுத்தினது தோடி ராகம். அந்தக் காந்தாரம் அசையற வேகம் மனுஷத் தொண்டைக்கு உள்ளது இல்ல. மிருதங்கமும் தகரத்துல தட்டறாப்போல இருக்கு. முன்னாடி கன்னடத்துல அறிவிப்பு சொல்றவர் பஸ்ஸைப் பிடிக்க ஓடற அவசரத்துல பேசறார். டேப்தான் வேகமா ஓடுது, சந்தேகமே இல்ல.

எட்டாவது_கிராஸ்

பார்த்தேன் சார். 60ல ஒண்ணு உயரமா நிக்குது. அப்புறம் 120, 180. 50ல இருக்கறது ரொம்பச் சின்னது.

தூரவாணிநகர்_ஓய்வு

அவ்வளவுதான். கேஸ் முடிந்தது.

இந்தியாவில் மின்சாரம் 50 சைக்கிள் (ஹெர்ட்ஸ்), அமெரிக்காவில் 60. உங்கள் வீட்டு வோலன்சாக்கின் பின்பக்கத் தகட்டைப் பாருங்கள், 117 வோல்ட் 60 சைக்கிள் என்ற மாதிரி எழுதியிருக்கும். அப்பா இங்கே வந்ததும் ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி 230ஐ 110 ஆக்கியிருப்பார். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றும், சைக்கிளை மாற்றாது. அந்த மெஷினின் ஏ.சி. மோட்டார், கரண்டின் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சுற்றுவது. 60க்குச் செய்த மோட்டார் 50ல் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். டேப் வினாடிக்கு 7½ அங்குலம் போவதற்குப் பதில் 6¼ அங்குலம் போயிருக்கிறது.

வீட்டில் யாருக்கும் இது தெரிந்திருக்காது. அதே மெஷின், அதே கரண்ட், பதிவும் மெதுவாக, கேட்பதும் மெதுவாக. ஒன்றை ஒன்று ஈடுசெய்துவிடும். டேப் வேறு மெஷினுக்குப் போன அன்றைக்குத்தான் குட்டு வெளிப்படும். ரீவாக்ஸில் டேப்பை இழுக்கும் கேப்ஸ்டன் உருளையை எலக்ட்ரானிக் சர்வோ கட்டுப்படுத்துகிறது, அதற்கு 50 என்ன, 60 என்ன, 7½ என்றால் 7½. மெதுவாகப் பதிந்தது சரியான வேகத்தில் ஓடும்போது எல்லாமே 20 சதவீதம் ஏறுகிறது. பெங்களூரு ஹம் 50ம் ஏறி 60 ஆகிவிட்டது. சுருதியில் இது மூன்று அரைச்சுரத்துக்குச் சற்று மேல், அதாவது ஒன்றரைக் கட்டைக்குச் சற்று மேல். சுருதிப்பெட்டி அம்மா சொன்ன இரண்டரைக் கட்டைக்குச் சற்று மேல் என்பதிலிருந்து அதைக் கழித்தால் எங்கே வருகிறது?

சுருதிப்பெட்டி

ஒரு கட்டை! ஆண் குரலுக்கு அளவெடுத்துத் தைச்சாப்போல இருக்கு.

மைக்செட்_மகன் | ஸ்ரீராம்புரம்

இந்த இழையை இப்பதான் பார்த்தேன். எங்கப்பா மைக் செட் வச்சிருந்தார். கல்யாணம், கட்சிக் கூட்டம், அம்மன் திருவிழா எல்லாம். சாமியானாவுக்குள்ள எங்க ஆள் ஆம்ப்ளிஃபயர் பக்கத்துல உக்காந்திருப்பார். கச்சேரின்னா டேப் ரெக்கார்டர் மாமாக்கள் முன்னாடியே வந்து, "ஒரு லைன் குடுப்பா"ன்னு கேப்பாங்களாம். அப்பா ஆம்ப்ளிஃபயர் பின்னாடிலேர்ந்து ஒரு ஒயர் இழுத்துக் குடுப்பார். லைன் கிடைக்காதவங்க சொந்த மைக்கை எங்க மைக் ஸ்டாண்டுலயே துணியால கட்டிடுவாங்க. அதுவும் இல்லைன்னா ஹாரன் கட்டின கம்பத்துக்கு அடியில உக்காந்து பிடிக்கிறதுதான்.

இந்த டேப் எந்த ரகம்னு கேட்டாலே தெரியும். பாட்டு நல்லா வந்து கைதட்டல் தூரத்துல கேட்டா லைன். கைதட்டல் காதைக் கிழிச்சா சொந்த மைக். பக்கத்து ஆள் தாளம் போடற சத்தம் தொடையில டப்பு டப்புன்னு கேட்டா அது நிச்சயமா சொந்த மைக்.

எட்டாவது_கிராஸ்

தொடையில தாளம் கேக்குது! நடுவுல ஒரு குழந்தை தண்ணி கேக்குது. யாரோ "சூப்பர் ஓய்" மாதிரி ஏதோ சொல்றார். அப்போ சொந்த மைக்தான்.

ஹம் ஏன் இவ்வளவு அதிகம்?

தூரவாணிநகர்_ஓய்வு

அந்த டிரான்ஸ்ஃபார்மர்தான். பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்திருப்பார்கள். அதன் காந்தப்புலம் மைக் ஒயரிலும் ஹெட்டிலும் ஏறிவிடும். இரண்டடி தள்ளி வைத்திருந்தால் பாதி போயிருக்கும், ஆனால் கூட்டத்தில் இரண்டடிக்கு எங்கே போவது.

பிட்ரேட்

சரி, விடை கிடைச்சாச்சு. ஸ்பீடை 83.33%க்கு இறக்குங்க. ஹம் தானா 50க்கு வரும், நாட்ச் போடுங்க, அப்புறம் ஏ.ஐ. டீநாய்ஸ்ல விட்டா தொடைத்தாளம், குழந்தை எல்லாம் காலி. யூட்யூப்ல ஏத்திடலாம். யார் பாடினதுன்னு ஊரே சொல்லும்.

சுருதிப்பெட்டி

இறக்கிக் கேட்டேன். தோடி தோடியா இருக்கு, இப்பத்தான் மூச்சு வந்தது. ஆனா ஒரு சங்கதி. சரியா ஒரு கட்டையில உக்காரலை. ஒண்ணுக்கும் ஒன்றரைக்கும் நடுவுல, ஒண்ணுக்குக் கிட்டக்கத் தொங்குது. இன்னும் கொஞ்சம் இறக்கணுமோ?

தூரவாணிநகர்_ஓய்வு

நல்ல காது உங்களுக்கு. இதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

50 என்று சொல்கிறோமே தவிர, அந்த நாளில் கரண்ட் 50லேயே நின்றதில்லை. தேவை கூடி உற்பத்தி போதாதபோது சைக்கிள் இறங்கும். மைசூர் ராஜ்யத்தின் மின்சாரம் பெரும்பாலும் தண்ணீரிலிருந்து வந்தது, சிவனசமுத்திரம், ஜோக், பிறகு ஷராவதி. ராமநவமி பங்குனி சித்திரையில், அணையில் தண்ணீர் வற்றும் காலம். அன்று மாலை 49 சைக்கிள் ஓடியிருந்தால் மெஷின் இன்னும் 2 சதவீதம் மெதுவாகப் போயிருக்கும். இப்போது திருத்தும்போது அந்த 2 சதவீதம் மேலே நிற்கும், அரைக் கட்டையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூட. இது என் ஊகம், நிரூபணம் இல்லை.

பிட்ரேட்

அப்போ ஹம் 60க்குப் பதிலா 58.8ன்னு காட்டணுமே? 49 இன்ட்டு 1.2.

தூரவாணிநகர்_ஓய்வு

காட்டாது, அதுதான் இதில் சூட்சுமம். கரண்ட் 49 ஆனால் ஹம்மும் 49, மோட்டாரும் அதே அளவுக்கு மெதுவாகிவிட்டது. ரீவாக்ஸில் போடும்போது வேகம் 60க்கு 49 என்ற விகிதத்தில் ஏறும். 49ஐ அதால் பெருக்கினால் மறுபடி 60. கரண்ட் 48 ஆனாலும் 60தான், 51 ஆனாலும் 60தான். இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்குவதால் ஹம் அதைக் காட்டிக்கொடுக்காது. எந்த ஊர் மெஷின், எந்த ஊர் கரண்ட் என்பதை ஹம் சொல்லும். அன்றைய மாலை கரண்ட் எப்படி இருந்தது என்பதைத் தம்புராதான் சொல்ல வேண்டும், அதுவும் பாடகர் தம்புராவைச் சரியாக ஒரு கட்டைக்குச் சேர்த்திருந்தால். மேடையில் அப்படி மீட்டர் வைத்தா சேர்க்கிறார்கள்?

சுருதிப்பெட்டி

இல்ல சார். தொண்டை அன்னிக்கு எப்படியோ அப்படி. சிலர் கொஞ்சம் தூக்கி வச்சுப்பாங்க, பக்கவாத்தியத்துக்காகவும் நகரும். அப்போ இந்தக் கொஞ்சத்தை அப்படியே விட்டுடணும்.

தூரவாணிநகர்_ஓய்வு

அதையேதான் சொல்லவந்தேன். பிட்ரேட் தம்பி, உங்கள் திட்டத்தில் எனக்கு ஒரே ஆட்சேபம், வரிசை. முதல் நாளே ஏ.ஐ.யில் விட்டு இரைச்சலைத் துடைத்திருந்தால் 60ஐ எங்கே பார்த்திருப்போம்? வேகமாகப் பாடும் ஒரு பாடகர் இருந்தார் என்று ஊர் நம்பியிருக்கும். ரீவாக்ஸிலிருந்து வந்ததை 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில், வேகம் மாற்றாமல், ஃபில்டர் போடாமல், இரண்டு சேனலும் அப்படியே, ஹம்மோடும் குழந்தையோடும் சேமியுங்கள். அதைத் தொடவே கூடாது. கேட்பதற்கு ஒரு நகல் எடுத்து என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள்.

பிட்ரேட்

டீல். காப்பகத்துக்கு ஒண்ணு, காதுக்கு ஒண்ணு. ஆனா காது காப்பில குழந்தை போகும், சொல்லிட்டேன்.

சுருதிப்பெட்டி

குழந்தை இருக்கட்டுமே பா.

இன்னொண்ணு. யார் பாடினதுன்னு தெரிஞ்சதும் அவர் வீட்டாரை ஒரு வார்த்தை கேக்காம எதையும் ஏத்தாதீங்க. குருகிராமில் அமெரிக்கன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் இந்தியன் ஸ்டடீஸின் இசை ஆவணக் காப்பகம் இருக்கு, 1982ல ஆரம்பிச்சது. இந்த மாதிரி சொந்தச் சேகரிப்பைப் பத்தி அவங்ககிட்ட கேட்டுப் பார்க்கலாம்.

புதுசா_வந்தவன்

அண்ணா, டேப்பை ஓவன்ல வச்சு சூடு பண்ணணும்னு ஒரு வீடியோவுல பார்த்தேன். அதைச் செஞ்சீங்களா?

தூரவாணிநகர்_ஓய்வு

ஐயோ, வேண்டாம். அந்த வைத்தியம் வேறு நோய்க்கு. எழுபதுகளின் நடுவிலிருந்து வந்த சில டேப்புகளில், ஆம்பெக்ஸ் 406, 456 போன்றவற்றில், காந்தப் பொடியைப் பிடித்துவைக்கும் பசை காற்றின் ஈரத்தைக் குடித்துப் பிசுபிசுவென்று ஆகிவிடும். அவற்றை 50–55 டிகிரியில் பல மணி நேரம் வைத்தால் சில வாரத்துக்கு ஓடும். அதற்கும் வீட்டு ஓவன் ஆகாது, வெப்பம் நிலையாக நிற்காது. அறுபதுகளின் டேப் பலவும் அசிடேட் என்ற பிளாஸ்டிக். சக்கரத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஒளி ஊடுருவித் தெரியும், அதுதான் அடையாளம். அசிடேட்டைச் சூடாக்கினால் நெளிந்து நாசம். பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாசனை அடிக்கிறதா என்று மட்டும் பாருங்கள், அடித்தால் அந்த டேப்பை மற்றவற்றிலிருந்து பிரித்து வைத்து, அதை முதலில் பதிவு செய்துவிடுங்கள்.

எட்டாவது_கிராஸ்

வெளிச்சம் தெரியுது சார், வாசனை இல்ல. ஒரு இடத்துல அறுந்து அப்பா செல்லோடேப் போட்டு ஒட்டியிருக்கார்.

அல்சூர்_ஆடியோ

செல்லோடேப் பசை கசிஞ்சு அடுத்த சுத்துல ஒட்டிக்கும், ஹெட்லயும் ஏறும். என்கிட்ட ஸ்ப்ளைசிங் டேப் இருக்கு, கொண்டுவாங்க. 45 டிகிரில பிளேடால வெட்டி ஒட்டித் தர்றேன். அசிடேட் அறுந்தா நேரா அறும், இழுபடாது, ஒரு எழுத்துகூடப் போகாது. பாலியஸ்டர்தான் ரப்பரா நீண்டு அந்த இடத்துல பாட்டைச் சாப்பிட்டுடும்.

பாருங்க, 7½ல ஒரு வினாடின்னா 19 சென்டிமீட்டர். பாடகர் இருமினா அந்த இருமலைக் கையில பிடிக்கலாம். ரேடியோ ஸ்டேஷன்காரங்க இப்படித்தான் பிளேடால இருமலை வெட்டித் தரையில போட்டாங்க. இதைத்தான் நான் வெதுவெதுப்புன்னு சொல்றேன், பிட்ரேட். கிராஃப் போட்டுக் காட்ட முடியாது.

பிட்ரேட்

அந்த வெட்டின டேப்பை ஒட்ட மறந்தா "ராமா"வுல "மா" தரையில கிடக்கும். கன்ட்ரோல் இசட் வாழ்க.

ஆனா ஒண்ணு கேக்கறேன். அந்தத் துண்டுல பாடகர் ஆரம்பிக்கறதுக்கு ஒரு வினாடி முன்னாடியே பேய் மாதிரி அதே பாட்டு மெல்லிசா கேக்குது. அது என்ன?

தூரவாணிநகர்_ஓய்வு

சக்கரத்தில் ஒரு சுற்றின் காந்தம் அடுத்த சுற்றில் பதிவது. பல வருஷம் அசையாமல் கிடந்தால் கூடும். டேப்பை ஓடி முடிந்த நிலையிலேயே, கடைசி முனை வெளியே இருக்கும்படி வைத்தால் அந்த நிழல் பாட்டுக்குப் பின்னால் விழும், காது கவனிக்காது. போடுவதற்கு முன் ஒருமுறை முன்னும் பின்னும் சுற்றினாலும் கொஞ்சம் குறையும். வேகமாகச் சுற்றாதீர்கள், பிளே வேகத்திலேயே விடுங்கள், பழைய ஒட்டுக்கள் பிரியும்.

எட்டாவது_கிராஸ்

எல்லாருக்கும் நன்றி. எனக்கு ஒரு ஆசை, அப்பா மெஷினையே ஓட வச்சா என்ன? அதுல போட்டா எந்தத் திருத்தமும் வேண்டாமே, இங்க 50தானே. எஸ்.பி. ரோட்டுல கடை கடையா ரப்பரைக் காட்டினேன். எல்லாரும் "சிகல்லா சார்" (கிடைக்காது சார்)னு அழகாச் சிரிச்சு அனுப்பிட்டாங்க.

மைக்செட்_மகன்

பெல்ட் அளவு சொல்லுங்க, ஓ-ரிங்லயே ஒத்துவர்றதா பார்க்கலாம். ரோலருக்குப் புது ரப்பர் கட்டித் தர்ற லேத்காரர் பீன்யாவுல இருக்கார், அளவு எடுத்துட்டு வாங்க.

தூரவாணிநகர்_ஓய்வு

ஓட வைக்கலாம், ஆசை நியாயம்தான். ஆனால் டேப்பைப் பதிவு செய்வது ரீவாக்ஸில்தான் இருக்கட்டும். பழைய ரோலர் தரும் நடுக்கம் தோடிக்கு மேல் இன்னொரு கமகம் போடும். பிளக்கை நேராகச் சொருகிவிடாதீர்கள், உள்ளே கண்டென்சர்கள் அறுபது வருஷப் பழசு. 100 வாட் குண்டு பல்பை சீரீஸில் வைத்துத்தான் முதல் கரண்ட்.

எட்டாவது_கிராஸ்

இன்னொரு சங்கதி. இன்னிக்கு அடுத்த பெட்டி போட்டேன். அதே பென்சில் எழுத்து, அதே மைதானம். ஆனா ஹம் 60ல இல்ல, கச்சிதமா 50ல நிக்குது. வேகமும் சரியா இருக்கு. தொடைத்தாளம் இல்ல, கைதட்டல் ரொம்ப தூரம்.

மைக்செட்_மகன்

அப்போ லைன் வாங்கினவர் மெஷின்! உங்கப்பாது இல்ல.

தூரவாணிநகர்_ஓய்வு

ஆமாம், 50 சைக்கிளுக்குச் செய்த மெஷினில், ஐரோப்பியப் பெட்டியாக இருக்கலாம், நண்பர் யாரோ பதிந்த டேப். நகல் அல்ல, அசலையே கொடுத்திருக்கிறார். அப்பாவின் வோலன்சாக்கில் நகல் எடுத்திருந்தால் அதன் ஹம்மும் 60ல் சேர்ந்திருக்கும். அட்டையின் உள்பக்கம், டேப்பின் தலைப்பு வெள்ளை நாடா, இரண்டையும் பாருங்கள். பெயரோ இனிஷியலோ இருக்கும்.

எட்டாவது_கிராஸ்

வெள்ளை நாடாவுல "வி.ஆர்." இருக்கு. அப்பாவுக்குத் தெரிஞ்ச வி.ஆர்.னு யாரையும் எனக்கு ஞாபகம் இல்ல. அத்தையைக் கேக்கறேன்.

தூரவாணிநகர்_ஓய்வு

கேளுங்கள். இந்த டேப்பில் எதையும் திருத்தாதீர்கள். ஞாயிறு காலை பத்துக்கு மேல் வோலன்சாக்கை எடுத்துக்கொண்டு வாருங்கள், பல்பு போர்டு தயாராக இருக்கிறது. எங்கள் அபார்ட்மென்ட் லிஃப்ட் ஓடவில்லை, மூன்றாவது மாடி. தூக்க ஒரு ஆளைக் கூட்டி வாருங்கள்.

பிட்ரேட்

நான் வர்றேன் சார். ஹம் எப்படி ஏறுதுன்னு பார்க்கணும்.